மாடிப்படி இல்லாத வீடு

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் மைக். வீட்டு வசதி அலுவலகத்தில் ரிப்பேர் புகார் வாங்கும் மேஜை அவளுடையது. குழாய் ஒழுகுகிறது, ஜன்னல் கொக்கி கழன்றுவிட்டது, கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை என்று யாராவது ஃபோன் செய்தால், அவள் பதில் சொல்லும் சத்தத்திலேயே மூன்றாவது அறையில் இருக்கும் பிளம்பர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். தனியாக ஆள் விட்டுச் சொல்ல வேண்டிய வேலை மிச்சம். அப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு அவள் ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

எல்லாம் ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்ரே அறையில் ஆரம்பித்தது. வீடுகளுக்குள் நடக்கும் அடி உதையைக் குறைக்க ஊரிலுள்ள அலுவலகங்கள் எல்லாம் வாரம் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. குழாய் ரிப்பேருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மேலதிகாரிக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை. "நீ சும்மா போய் உக்காந்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார். சும்மா உட்காருவது எப்படி என்பது மைக்குக்குப் பிறந்ததிலிருந்தே தெரியாது.

முதல் கூட்டத்தில் ஆளாளுக்குத் தன் அலுவலகத்துக்கு வக்காலத்து வாங்கினார்கள். "எங்ககிட்ட புகாரே வர்றதில்லையே, நாங்க என்ன பண்றது?" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்ககிட்ட காயம் வருது, புகார் வர்றதில்ல" என்றாள் கட்டுப் போடும் அறை நர்ஸ். "எங்ககிட்ட கட்டில் காலியா இருக்கு, ஆள் வர்றதில்ல" என்றார் பெண்கள் காப்பகம் நடத்தும் அம்மா. அவரை எல்லாரும் இல்லத்தம்மா என்பார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் மட்டும் வாயைத் திறக்காமல் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். மைக் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில்தான் நர்ஸ் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஒரு பொண்ணு. பேரு வேண்டாம். வந்துக்கிட்டே இருக்கா. முதல்ல மணிக்கட்டு, அப்புறம் விலா, இப்போ புருவத்துல தையல். எப்படிம்மா ஆச்சுன்னா, மாடிப்படியில விழுந்துட்டேன். எப்பக் கேட்டாலும் அதே பதில். பக்கத்துலயே புருஷன் நின்னுக்கிட்டு, 'ஆமா சிஸ்டர், பாத்து நடன்னா கேக்க மாட்டா, படியில விழுறதே இவளுக்கு வேலையாப் போச்சு'ன்னு சிரிக்கிறான். கிழக்கு வரிசை வீடுகள்ல இருக்காங்க."

மைக்கின் கையில் இருந்த பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

"கிழக்கு வரிசையா? அங்க ஏது மாடிப்படி?"

"என்ன?"

"அந்த வரிசை முழுக்கத் தரை வீடு, சிஸ்டர். மொட்டை மாடிக்குப் போகக்கூடப் படி கிடையாது. மேல தண்ணித் தொட்டியைப் பாக்கணும்னா எங்க ஆளு ஏணி தூக்கிட்டுத்தான் போகணும்."

நர்ஸ் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். பிறகு இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். அவர் அளந்து பேசுகிற ஆள். "கடைசி வீடா?" என்று கேட்டார். நர்ஸ் தலையை ஆட்டினாள். "நான் போயிருக்கேன். பக்கத்து வீட்ல சத்தம் கேட்டுதுன்னு சொன்னாங்க. அவன் நாற்காலி போட்டு உக்கார வெச்சான். அந்தம்மா அவனுக்குப் பின்னால நின்னு மாடிப்படின்னுதான் சொன்னாங்க. நானும் சரின்னு எழுந்து வந்துட்டேன். நான் உக்காந்த இடத்துலேருந்து முழு வீடும் தெரியும். படி எங்கன்னு பாக்கத் தோணல." தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "நான் போய்ட்டு வந்ததுக்கும் சேர்த்து அன்னிக்கு அந்தம்மா வாங்கியிருப்பாங்க" என்றார்.

"அந்தப் பொண்ணோட குழந்தை என் கிளாஸ்தான்" என்றாள் டீச்சர். மணி அடித்த பிறகும் அந்தச் சின்னப் பெண் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டாளாம். வீட்டுக்குப் போகலையாடி என்றால், 'அப்பா தூங்கினதும் போறேன் டீச்சர்' என்பாளாம். இதைச் சொல்லும்போது டீச்சரின் டீ ஆறிப் போயிருந்தது.

மைக்குக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. போன வருஷம் அதே வீட்டிலிருந்து ஒருவர் ரொம்ப மரியாதையாக ஃபோன் செய்தார். திருட்டு பயம், பின்கட்டுச் சுவரை உயர்த்திக் கட்டிக் கொடுங்கள், அங்கிருக்கும் சின்னக் கதவையும் அடைத்துவிடுங்கள் என்று. மைக் உடனே ஆளை அனுப்பிச் செய்து கொடுத்தாள். 'கேள்வி கேக்காதே, ஆளை அனுப்பு' என்பதுதான் அவள் மேஜையின் சட்டம். அந்தச் சட்டத்தால் அலுவலகத்துக்கு ஊரில் நல்ல பெயர். மைக் பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அன்றைக்கு யாரும் வக்காலத்து வாங்கவில்லை. நாலு பேருக்கு அந்த வீட்டைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது, தனித்தனியாக வைத்திருந்ததால் யாருக்கும் முழுசாகத் தெரியாமல் போயிற்று. இனிமேல் சேர்ந்தே போவது என்று முடிவாயிற்று. ஆனால் அந்தப் பெண் சரி என்றால்தான் எதுவும் நடக்க வேண்டும் என்று இல்லத்தம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

தையல் பிரிக்க வந்த அன்று, நர்ஸ் புருஷனை மருந்து வாங்கும் வரிசையில் நிற்க அனுப்பிவிட்டு அவளிடம் பேசினாள். அவளுக்கு வெளியே வர ஆசைதான். ஆனால், "என்னால அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது சிஸ்டர். போலீசுக்கு ஃபோன் பண்ணி, என் புருஷன் என்னைன்னு ஆரம்பிச்சாலே தொண்டை அடைச்சுக்குது. அவர் ஃபோனையும் எடுத்துப் பாப்பாரு" என்றாள்.

நர்ஸ் யோசித்தாள். "உன் வாய்க்கு எது பழக்கமோ அதையே சொல்லு. வீட்டு ரிப்பேர் ஆபீசுக்கு ஃபோன் பண்ணு, அவன் பாத்தாலும் சந்தேகப்பட மாட்டான். மாடிப்படி உடைஞ்சு போச்சு, வந்து பாருங்கன்னு சொல்லு. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

இதைக் கூட்டத்தில் சொன்னபோது மைக் மேஜையைத் தட்டிய தட்டில் டீ கிளாஸ்கள் எல்லாம் குதித்தன. படியே இல்லாத வீட்டிலிருந்து படி உடைந்தது என்று ஃபோன் வந்தால் அது வேறு யாருடைய ஃபோனாகவும் இருக்க முடியாது. ஃபோன் வந்ததும் மைக் மற்றவர்களைக் கூப்பிட்டு ஒரே வார்த்தை, மாடிப்படி என்று சொன்னால் போதும். டீச்சர் குழந்தையை அப்பன் கேட்டாலும் விட மாட்டாள். இல்லத்தம்மா வேனைத் தெருவின் கண்ணில் படாமல் வீட்டுக்குப் பின் சந்தில் நிறுத்துவார். இன்ஸ்பெக்டர் காக்கி இல்லாமல் முன் வாசலுக்கு வருவார். அவன் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து அவள் ஃபோன் செய்வாள், நேராக நடந்து வெளியே வந்துவிடுவாள். அவனுக்கு எல்லா அலுவலகத்திலும் சிநேகிதம் உண்டு என்பதால் அலுவலகத்துக்கு ஒரு ஆளைத் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் அடித்துச் சொன்னார். எல்லாரும் ஆளுக்கொரு தடவை மைக்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கறீங்க? நான் சொல்ல மாட்டேன்" என்று மைக் கத்தினாள். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த வார்டு ஆயா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சொல்லவும் இல்லை. வாரக்கணக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் முதல் மணியிலேயே பாய்வாள். எடுத்தால் ஒழுகும் குழாயாக இருக்கும். சொந்தப் புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. "உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா, கொஞ்ச நாளா வீடு அமைதியா இருக்கு" என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பல்தான் சரியில்லை. கடைவாய்ப் பல் ஒன்று ராவும் பகலும் குத்தி எடுத்ததில், ஒரு காலை நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு பிடுங்கிக்கொள்ளப் போனாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஃபோனைப் பார்த்துக்கொள்ளக் கணக்குப் பிரிவிலிருந்து கணக்கரை உட்கார வைத்தாள். ஓய்வு பெறப் போகிற மனிதர், சர்வீஸ் முழுக்க ஒரு தப்பு செய்ததில்லை என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் யாரிடமாவது சொல்லாமல் விட மாட்டார். "சார், கேள்வியே கேக்காதீங்க. என்ன சொன்னாலும் குறிச்சுக்கிட்டு ஆளை அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் திரும்பி வரும்போது முகத்தில் பாதி இல்லை. அதாவது இருந்தது, ஆனால் அவளுக்குத் தெரியவில்லை. உதடு தடித்து, நாக்கு மரத்து, கன்னத்துக்குள் பஞ்சு. கணக்கர் மலர்ந்த முகத்தோடு எழுந்து நின்றார்.

"ஒண்ணுகூடப் பாக்கி இல்லம்மா. வந்த புகாருக்கெல்லாம் ஆள் போயாச்சு. ஒரு அம்மா மட்டும் ரொம்பப் பதறிப் போய்ப் பேசினாங்க. மாடிப்படி உடைஞ்சு போச்சாம். நீங்க சொன்ன மாதிரி ஒரு கேள்வி கேக்கல. நம்ம நியாயத்தை டெம்போவோட அனுப்பிட்டேன்."

நியாயம் என்பது அலுவலகத் தச்சர். 'நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல' என்று ஆரம்பிக்காமல் அவருக்குப் பேச வராது. எடுத்த வேலையை முடிக்காமல் எந்த வாசலையும் விட்டு நகர மாட்டார். அந்த ஆள் இப்போது படியே இல்லாத வீட்டுக்குப் படியை ரிப்பேர் செய்யப் போயிருக்கிறார்.

மைக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஃபோனைப் பிடுங்கி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள். "ஆயிஅயி! ஆயிஅயி!" என்றாள்.

"ஆயாவா? யாரோட ஆயா? யாருங்க பேசறது?"

பஞ்சைத் துப்பிவிட்டு மறுபடி முயன்றாள். உதடு சேர மறுத்தது. உதடு சேராமல் மாடிப்படி எங்கே வரும்? ஊரையே கூட்டும் வாய் வேண்டிய நேரத்தில் காலை வாரிவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஃபோனைக் கணக்கரின் காதில் வைத்து அழுத்தி, கம்ப்யூட்டர் திரையில் அவர் பதிந்திருந்த புகாரைக் குத்திக் காட்டினாள்.

கணக்கர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். "மாடிப்படி உடைந்துள்ளது." பிறகு ஃபோனைப் பார்த்தார். "வெச்சுட்டாரு. ஒரு சரின்னாவது சொல்லக்கூடாது?"

மைக் அடுத்த எண்ணை அழுத்தினாள். டீச்சர். "மாடிப்படி உடைந்துள்ளது" என்றார் கணக்கர். டக்கென்று வைத்துவிட்டாள். இல்லத்தம்மா. நர்ஸ். எல்லாரும் அந்த வார்த்தையைக் கேட்டதுமே வைத்துவிட்டார்கள். நர்ஸ் மட்டும் வைப்பதற்கு முன் 'ஐயோ' என்றாள். கணக்கருக்கு முகம் வெளிறிப் போனது. "ஏம்மா, மாடிப்படின்னா எல்லாரும் ஏன் இப்படிப் பயப்படறாங்க?" என்று கேட்டார். தச்சருக்கும் ஃபோன் செய்தார்கள். வண்டி ஓட்டும்போது ஃபோன் எடுப்பது நியாயமில்லை என்பது அவர் கொள்கை, எடுக்கவே இல்லை.

மைக் கணக்கரின் ஸ்கூட்டர் சாவியை அவர் சட்டைப் பையிலிருந்தே எடுத்து அவர் கையில் திணித்தாள். அவர் ஓட்டினார், அவள் பின்னால் உட்கார்ந்து அவர் தோளைக் குத்திக்கொண்டே வந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்கர் ஒரு லாரியை முந்தினார். அவன் வேலைக்குப் போயிருப்பான், வீட்டில் அவள் மட்டும்தான் இருப்பாள், ஒன்றும் ஆகாது என்று மைக் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள். கிழக்கு வரிசைக்குள் திரும்பியதும் அந்த நம்பிக்கையும் போயிற்று.

கடைசி வீட்டு வாசலில் டெம்போ நின்றது, அதன் மேல் அலுமினிய மடக்கு ஏணி. வாசலில் தச்சர் இடுப்பில் கை வைத்து நின்றார். எதிரே, கதவை ஒட்டி, அவன். மடிப்புக் கலையாத சட்டை, கையில் வண்டிச் சாவி. போனவன் எதையோ மறந்து திரும்பி வந்திருக்கிறான். இன்ஸ்பெக்டரை இன்னும் காணோம்.

"நான்தான் சொல்றேனே, இது தரை வீடு. வேற எங்கயாவது போய்ப் பாருங்க" என்று அவன் மெதுவாக, சிரித்த முகமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தத் தெருவில் அவன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"அது எப்படிங்க? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? இல்லாத படி எப்படி உடையும்? உங்க வீட்டம்மாவே ஃபோன் பண்ணியிருக்காங்க."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு? அவளா?"

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். ஸ்கூட்டர் நிற்பதற்குள் மைக் குதித்துவிட்டாள். "ஷார்! ஷார்! ஒரு நிமிஷம் ஷார்!" பாதி எழுத்து காற்றாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. ஓடிப்போய் அவனுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள்.

"தப்பு எங்க மேல ஷார். ஃபோன் வந்தது பின் வரிசை வீட்லேருந்து. இவர்தான் வீட்டு நம்பரை மாத்திப் போட்டுட்டாரு." கணக்கரைக் கைகாட்டினாள். "வயசாச்சே தவிர, கண்ணு தெரியுதா? இவரையெல்லாம் யாரு ஷார் வேலைக்கு எடுத்தது?"

கணக்கர் வாயைப் பிளந்தார். சர்வீஸ் முழுக்க ஒரு தப்பு செய்யாத மனிதர். பதில் சொல்லத்தான் வந்தார். ஆனால் மைக்கின் கண்ணில் நீர் தளும்பி நிற்பதைப் பார்த்தார். இடுப்பை ஒட்டி அவள் கை விரல் ஒன்று டெம்போவின் ஏணியையும் பின் பக்கத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுவதையும் பார்த்தார். என்ன, ஏது என்று ஒன்றும் புரியவில்லை. கேள்வி கேட்காதே என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

"ஆமா சார். என் தப்புதான்" என்றார்.

ஒருத்தன் தலைகுனிந்து நிற்பதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு ருசி இருந்தது. கதவுப் பக்கம் போனவன் நின்று, சாவகாசமாகத் திரும்பினான்.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே! ஏணியைத் தூக்கிட்டுப் பின் சந்துக்குப் போங்க. வேலை அங்கதான்" என்று மைக் எரிந்து விழுந்தாள். என் ஏணியை இவர் ஏன் தூக்க வேண்டும் என்று நியாயம் கேட்க வந்த தச்சரின் காலை ஓங்கி மிதித்தாள். கணக்கர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைச் சுற்றி மறைந்தார். இல்லத்தம்மாவின் வேன் அங்கே வந்திருக்க வேண்டும். வந்திருக்குமா? மைக்குக்குத் தெரியாது. உள்ளே இருக்கிறவளுக்கு இது கேட்கிறதா என்றும் தெரியாது. அவளால் முடிந்தது இந்த ஆளை வாசலிலேயே நிறுத்தி வைப்பது ஒன்றுதான்.

"புகாரை மூடணும் ஷார். வீட்ல மாடிப்படி இல்லன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அதான் சொன்னேனே. இல்ல."

"கேக்கல ஷார். பல்லுக்குப் போட்ட ஊசி காது வரைக்கும் ஏறிடுச்சு."

"இல்லைன்னேன்."

"எது ஷார்?"

"மாடிப்படி இல்ல!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா ஷார்."

"இந்த வீட்ல மாடிப்படி இல்ல!"

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் முகங்கள் தெரிந்தன. இந்த மனுஷனா கத்துவது என்று ஒருத்தி கைக்குழந்தையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். தச்சருக்கு இந்த நாடகம் எதுவும் தெரியாது, அவருக்கு இது தொழில். அதனால் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "மொட்டை மாடிக்கு?"

"இல்ல!"

"பின்கட்டுல? சின்னதா ரெண்டு படி இருக்கும் பாருங்க."

"ஒரு படிகூட இல்லய்யா! கட்டின நாள்லேருந்து இந்த வீட்ல ஒரு படிகூடக் கிடையாது! போதுமா?"

அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் வேன் ஹாரன் ஒன்று நீளமாக அடித்தது. மறுபடியும் அடித்தது. பிறகு வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. மைக்குக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. தச்சர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு படிகூட இல்லையா?" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் கூட்டத்தோடு கூட்டமாக எப்போது வந்து நின்றார் என்று யாரும் பார்க்கவில்லை.

"இல்லைங்கறேன்ல!" என்று திரும்பியவன் அப்புறம்தான் இன்ஸ்பெக்டரின் முகத்தை அடையாளம் கண்டான்.

"அப்போ உங்க வீட்டம்மா எந்தப் படியில விழுந்துக்கிட்டே இருந்தாங்க?"

கைக்குழந்தைக்காரி "அதானே" என்றாள். அவ்வளவுதான், அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான். இன்ஸ்பெக்டர் அவன் பின்னாலேயே போனார், அவர் பின்னால் மைக்கும் போனாள். சமையலறைக் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. பின்கட்டில், மைக்கின் அலுவலகம் உயர்த்திக் கட்டிக் கொடுத்த அந்தச் சுவரின் மேல், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக மடக்கு ஏணி விரிந்து நின்றது. இந்தப் பக்கம் ஏறினால் அந்தப் பக்கம் இறங்கலாம். உள்பக்கப் படி ஒன்றில் ஈரக் கால் தடம் இருந்தது.

"வாங்க, ஸ்டேஷன்ல உக்காந்து பேசலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தத் தடவை நாற்காலி நான் போடறேன்."

மைக் எக்ஸ்ரே அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டரைத் தவிர எல்லாரும் அங்கே இருந்தார்கள். வெளியே மரத்தடியில் டீச்சரோடு அந்தச் சின்னப் பெண் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், அப்பா தூங்கிவிட்டாரா என்று இன்னும் கேட்கவில்லை. கணக்கர் சட்டையெல்லாம் சுண்ணாம்போடு உட்கார்ந்து, தண்ணீர் குடிப்பதும் கதை சொல்வதுமாக இருந்தார். "ஏணியோட சந்துக்குள்ள போறேன், ஒரு அம்மா வேன்லேருந்து இறங்கி, இப்படிக் கொண்டாங்கன்னு ஒரு முனையைப் பிடிச்சாங்க. எதுக்குன்னு நான் கேக்கவே இல்ல. தூக்கிச் சுவத்து மேல வெச்சோம். அப்புறம் பாத்தா மேல ஒரு முகம் தெரியுது!" இனிமேல் அலுவலகத்துக்கு ஒரு ஆளுக்கு மட்டும்தான் தெரியும் என்ற பேச்சே கூடாது, குறைந்தது இரண்டு பேருக்காவது சொல்லித் தொலையுங்கள் என்று இல்லத்தம்மாவிடம் சண்டையும் போட்டார். இன்ஸ்பெக்டர் சாட்சியாக எடுத்துப்போன ஏணியைக் கேட்டு வாங்கத் தச்சர் அடுத்த அறையில் காத்திருந்தார்.

மைக் அந்தப் பெண்ணை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். இத்தனை நாள் குரல்கூடக் கேட்டதில்லை. ஒரு காலில் மட்டும் செருப்பு, புருவத்தில் ஆறிக்கொண்டிருக்கும் தழும்பு. சுவரில் உரசி முழங்கால் சிராய்த்திருந்தது. நர்ஸ் மண்டியிட்டு அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கும்போது, தொழில் பழக்கத்தில், யோசிக்காமல் கேட்டுவிட்டாள்:

"எப்படிம்மா ஆச்சு?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் உதடும் பழக்கத்தில் அசைந்தது.

"படியில..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். ஏதோ சிரிப்பு வந்தது அவளுக்கு, அழுகையும் கூடவே வந்தது. "படியில ஏறினேன் சிஸ்டர். அந்தப் பக்கம் இறங்கினேன். விழல."

நர்ஸ் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மைக்குக்கு உதட்டில் உணர்ச்சி திரும்பியிருந்தது, இப்போது எது வேண்டுமானாலும் பேசலாம். பிஸ்கட் தட்டை அந்தப் பெண் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஸ்டேஷனில் அவனை உட்கார வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் அப்போதுதான் உள்ளே நுழைந்தார். இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று அவசரம் இல்லை, நாளைக்கு வந்து எழுதிக்கொள்கிறேன் என்றார்.

"இல்ல, இப்பவே எழுதிக்குங்க" என்றாள் அவள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் புருஷன் என்னை அடிச்சார்."

அடுத்த அறையில் இருந்த தச்சர் எழுந்து நின்றார். அங்கே வரைக்கும் கேட்டது.